விசில் கேட்காத இடம்

பனமரத்துப்பட்டி போகிற சாலையோரம் வீடு பூசாத செங்கல்லோடு நின்றுகொண்டிருந்தது. திங்கட்கிழமை பூச்சு வேலை ஆரம்பம். எங்கே விளக்கு, எங்கே மின்விசிறி, எங்கே பிளக் என்று அதற்குள் சொல்லிவிட வேண்டும், பூசினபிறகு ஞாபகம் வந்தால் சுவரை உடைக்கத்தான் வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் நாச்சிமுத்து கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே சனிக்கிழமை காலையிலேயே ஜெரால்ட் தன் மனைவி ஹெலனையும் அப்பா உபகாரசாமியையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

ஜெரால்ட் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் என்று யாருமே இல்லை. ஒருவராவது இருந்திருந்தால் ஹெலனுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். ஜெரால்ட் நூல் மில்லில் மேனேஜர். வீடு கட்ட ஆரம்பித்ததிலிருந்து சோறு இல்லாவிட்டாலும் வீடியோ பார்க்காமல் தூங்கமாட்டான். கட்டிலில் படுத்தபடியே கேட்டைத் திறக்கலாமாம். ஆள் நடந்தால் விளக்கு எரியுமாம், நின்றால் அணையுமாம். மோட்டார் போட மறந்தால் தொட்டியே போன் பண்ணி ஞாபகப்படுத்துமாம். மனிதர்கள் செய்யவேண்டிய வேலை என்று அந்த வீட்டில் எதை மிச்சம் வைக்கப்போகிறான் என்று மில்லில் கேலி பேசினார்கள்.

மிச்சம் ஒன்று இருந்தது. அது உபகாரசாமி.

சேலம் நாமக்கல் வழித்தடத்தில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். ராசிபுரத்தில் ஏறுகிற நெய்க்கூடைக்காரிகளிடம் வம்பளந்துகொண்டே நேரத்துக்கு வண்டியைக் கிளப்பவைத்தவர். நாலு வருஷம் முன்பு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. குரலும் தேய்ந்துவிட்டது. பழைய விசில் மட்டும் கழுத்தில் தொங்கியது. தண்ணீர் வேண்டுமென்றால் ஊதுவார், புரட்டிப் போட வேண்டுமென்றால் ஊதுவார், பெட்பேன் வேண்டுமென்றாலும் அதே விசில்தான். இப்போது இருக்கிற செவ்வாய்ப்பேட்டை வாடகை வீடு தீப்பெட்டி அளவு. குளியலறையில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தாலும் ஹெலனுக்கு அது கேட்கும். ஓடுவாள். ஓடுவதற்காகத்தான் கணக்கு டீச்சர் வேலையை விட்டாள்.

"புது ஊடு வரட்டும். அப்பாவைப் பாத்துக்க ஒரு ஆள் வெச்சுக்கலாம், அந்த ஆளுக்கும் ஒரு ரூம் போட்டுருவோம். நீ ஸ்கூலுக்குப் போ" என்று ஜெரால்ட் சொன்னான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளும் ஓடினாள். வீட்டு வரைபடத்தில் மாமனார் அறையை ஒட்டி ஒரு குட்டி அறை இருந்தது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவள் முகம் மலரும். வியாழக்கிழமை பழைய பள்ளிக்கூடத்துத் தலைமை சிஸ்டர் போன் பண்ணினார்: ஜூனில் கணக்குக்கு இடம் காலி, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம். இந்த நல்ல செய்தியை அந்தக் குட்டி அறையில் வைத்தே ஜெரால்டிடம் சொல்ல வேண்டும் என்று அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

குட்டி அறைக்குள் நாச்சிமுத்து நீலச் சாக்பீஸால் சுவர் முழுக்கக் கட்டம் போட்டிருந்தார்.

"இது என்னங்க?" என்றாள் ஹெலன்.

"சர்வர் ரூம்" என்றான் ஜெரால்ட், முகமெல்லாம் பூரித்து. "இன்வெர்ட்டர், பேட்டரி, கேமரா ரெக்கார்டர், நெட்டு பாக்ஸ், எல்லாத்துக்கும் தலைமை ஆபீஸ் இதுதான். எல்லா ஒயரும் இங்கதான் வந்து சேருது."

"ஆள் ரூம்னு சொன்னீங்களே."

"ஆளு எதுக்கு ஹெலன்? அதுக்குத்தான் இத்தனையும். அப்பா கட்டில் பக்கத்துல ஒரு சுவிட்ச். அமுக்கினா நீ எங்க இருந்தாலும் அங்க மணி அடிக்கும். கிச்சன்ல ஒண்ணு, பெட்ரூம்ல ஒண்ணு, துணி துவைக்கிற எடத்துல ஒண்ணு, பாத்ரூம்ல ஒண்ணு. நீ ஓடி ஓடி வந்து என்ன ஏதுன்னு பாக்க வேண்டியதில்ல. தண்ணிக்கு ஒரு சத்தம், பெட்பேனுக்கு ஒரு சத்தம். உனக்காகத்தான் யோசிச்சு யோசிச்சுப் பண்ணினேன்."

அவன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்காகத்தான் யோசித்திருந்தான். அதுதான் கொடுமை.

"நான் ஸ்கூலுக்குப் போனா?"

"போன்லயும் வரும். அப்பா அமுக்கினா ஸ்கூல்லயே உனக்குத் தெரிஞ்சுரும்."

"தெரிஞ்சு? அங்க இருந்து பெட்பேன் வெக்கட்டுமா?"

நாச்சிமுத்து சட்டென்று குனிந்து டேப்பைத் தேட ஆரம்பித்தார். ஜெரால்ட் குரலைத் தாழ்த்தினான். "வெளியாளைக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள விடறது லேசா? அப்பாவுக்கும் ஒத்துக்காது. கொஞ்ச நாள் போகட்டும், பாக்கலாம்."

"உங்க ஆபீஸ் ரூம்ல பெல் இருக்குதா?"

"அங்க நான் எந்நேரமும் போன்ல இருப்பனே" என்றான் அவன், அவள் புரியாமல் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு.

ஹெலன் அறையறையாகப் பார்த்தாள். கேபிள் வருகிற இடம், ஜெரால்ட் தலைமாட்டில் சார்ஜர் வருகிற இடம், டிவி வருகிற இடம் என்று சுவரெல்லாம் நீல எழுத்து. அவள் நிற்கக்கூடிய இடம் ஒவ்வொன்றிலும் 'பெல்' என்று எழுதியிருந்தது. வீட்டில் அவளுக்கென்று இருந்த பாயிண்ட் அது ஒன்றுதான். கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் அடிக்குமாம்.

கரண்டும் போய் இன்வெர்ட்டரும் கைவிட்டால்? அந்தக் கேள்வியும் ஜெரால்டுக்கு உதித்தது. உதிக்காமல் இருக்குமா?

"அப்ப விசில்தான் கதி. விசில் எது வரைக்கும் கேக்குதுன்னு இப்பவே பாத்துரலாம். அப்பா, நீங்க உங்க ரூம்ல உக்காந்து ஊதிக்கிட்டே இருங்க. ஹெலன், நீ எல்லா எடத்துலயும் போய் நின்னு பாரு. கேக்காத எடத்துல ஒரு பெருக்கல் குறி போடு. அங்க மட்டும் பேட்டரில ஓடற தனி பெல் ஒண்ணு சேத்து வெச்சரலாம். நாச்சிமுத்து அண்ணா, வாங்க, நாம கேட்ல கேமராவுக்கு மார்க் பண்ணிரலாம்."

"ஆகட்டுங்க" என்று நாச்சிமுத்து சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு அவன் பின்னால் போனார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உபகாரசாமி இடது கையால் விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஊதினார். ஹெலன் சமையலறையில் நின்றாள், கேட்டது. மாடிப் படுக்கையறையில் நின்றாள், லேசாகக் கேட்டது. துணி துவைக்கிற இடத்தில் கேட்கவில்லை, குறி போட்டாள். மாடிக் குளியலறையில் கேட்கவில்லை, குறி போட்டாள். தன் கையாலேயே தனக்கு வேலி போடுகிறோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் போட்டாள். நாலு வருஷத்துப் பழக்கம்.

கடைசியாக மொட்டை மாடிக்கு ஏறினாள். படி முடிகிற இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, கட்டில்கூடப் போட முடியாத ஒரு சின்ன அறை. ஓட்டை உடைசல் போட்டுவைக்க ஆகும் என்று ஜெரால்ட் சொல்லியிருந்தான். அதற்குள் போய் நின்றாள்.

சத்தமே இல்லை.

காத்திருந்தாள். விசில் வரவில்லை. ஜன்னலுக்கு விட்டிருந்த ஓட்டை வழியாக பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கத்துக் காற்று வந்தது. நாலு வருஷத்தில் முதல்முறையாக அவள் தோள்பட்டை தானாகத் தளர்ந்தது. இங்கே ஒரு நாற்காலி போடலாம். ஒரு மேஜை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்கு உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தரலாம். ஸ்கூல் இல்லாவிட்டால் போகட்டும், இது போதும். கேட்காத இடம் ஒன்று. சாக்பீஸ் கையில் இருந்தது. குறி போட அவளுக்கு மனம் வரவில்லை.

"ஹெலன்! மேல் ரூம்ல கேக்குதா?" கேட்டிலிருந்து ஜெரால்ட் கத்தினான். சாலையில் லாரி போகிற இரைச்சலில் அவன் குரலே பாதிதான் வந்தது.

ஹெலன் ஓட்டை வழியாகத் தலையை நீட்டினாள். "கேக்குது!" என்றாள். "நல்லாக் கேக்குது!"

கீழே இறங்கி வந்தாள். உபகாரசாமி விசிலை மடியில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"மேல் ரூம் வரைக்கும் போனயா கண்ணு?"

"போனேன் மாமா."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமா."

கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நான் ஊதலயே சாமி. இளைப்பு வந்துருச்சு. நீ மொட்டை மாடிக்கு ஏறினதுல இருந்து சும்மாத்தான் உக்காந்திருக்கறன்."

ஹெலனுக்கு முகம் செத்துவிட்டது. அதற்குள் ஜெரால்ட் வந்துவிட்டான்.

"எல்லாம் பாத்தாச்சா? மேல் ரூம்ல நிஜமாவே கேட்டுச்சா? அவ்வளவு தூரம் கேக்குமான்னு சந்தேகமா இருக்குதே. அப்பா, அப்ப ஊதினீங்களா?"

"ஊதினன்டா" என்றார் உபகாரசாமி. "ஒண்ணுக்கு ரெண்டு தடவ ஊதினன். அங்கெல்லாம் பெல்லு வேண்டாம், போ."

ஜெரால்ட் திருப்தியாகத் தலையாட்டினான். கிழவர் விடவில்லை. "அந்த ரூம்ல ஒரு ஃபேன் பாயிண்ட் வெக்கச் சொல்லு."

"அங்க எதுக்குப்பா ஃபேன்?"

"நான் மேல ஏறி வாரப்ப காத்து வேணுமில்ல?"

ஜெரால்ட் சிரித்துவிட்டான். அப்பா வேடிக்கையாகப் பேசி எத்தனை நாளாயிற்று! "அண்ணா, மேல் ரூம்ல ஒரு ஃபேன்" என்று வெளியே பார்த்துக் குரல் கொடுத்தபடி போனான்.

ஹெலனுக்கு அந்த வீட்டில் தன்னைப் பார்க்கிற கண் இந்த ஒரு ஜோடிதான் என்று தோன்றியது. அந்தத் தைரியத்தில் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டாள். "மாமா, ஸ்கூல்ல கூப்பிடறாங்க. ஒரு ஆள் வேணும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அவரு தட்ட மாட்டாரு."

உபகாரசாமி விசில் கயிற்றை இடது கை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். கண்ணில் நீர் கோத்துவிட்டது.

"தெரியாத ஆளு வந்து துணியை அவுக்கறது எனக்குப் பயமா இருக்குது சாமி" என்றார். "நீயின்னா வெக்கமில்ல."

அவர் திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள். அதிகாரம் செய்திருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பாள். பயப்படுகிறவரை என்ன செய்வது? எழுந்து அவர் வேட்டியைச் சரிசெய்துவிட்டாள். பின்பக்கம் போய் சிஸ்டருக்குப் போன் பண்ணி, இந்த வருஷமும் முடியாது என்று சொன்னாள். அடுத்த வருஷமாவது பார் என்றார் சிஸ்டர். பார்க்கலாம் சிஸ்டர் என்றாள். அழக்கூட இல்லை. மேலேதான் ஒரு அறை இருக்கிறதே, போதும், அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நாச்சிமுத்து டேப்போடு மேலே ஏறினார். அவளும் கூடவே போனாள். சின்ன அறையில் கூரைக்கு நடுவே வட்டம் போட்டுவிட்டு அவர் திரும்பினார்.

"சுவிட்சு எந்தப் பக்கமுங்க வெக்கட்டும்? நாற்காலி எங்க போடுவீங்கன்னு சொல்லுங்க, கைக்கு எட்டற மாதிரி வெச்சரலாம்."

இந்த வீட்டில் அவள் வசதிக்காக அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. ஹெலன் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் பக்கமாகப் போய் நின்றாள். இங்கே மேஜை. இங்கே பிள்ளைகள். சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். "இங்கண்ணா" என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அப்போது விசில் கேட்டது.

கீழே, தன் அறையிலிருந்து, உபகாரசாமி ஊதினார். தண்ணீருக்காக இருக்கும். மாடிப்படியின் சந்து வழியாக ஏறி, பூசாத சுவர்களில் மோதிக்கொண்டு, பக்கத்தில் நின்று ஊதுவதுபோல் வந்தது. சமையலறையில் கேட்டதைவிட இங்கே நன்றாகக் கேட்டது. சற்றுமுன் கேட்காமல் போனதற்குக் காரணம், அவர் ஊதவில்லை, அவ்வளவுதான்.

"ஐயா கூப்பிடறாருங்க போல" என்றார் நாச்சிமுத்து. "இங்க வரைக்கும் கேக்குதுங்களே!"

ஹெலன் சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

"வாரேன் மாமா" என்று குரல் கொடுத்துவிட்டுப் படி இறங்கினாள்.