எட்டுக் கீக்களும் ஒரு மன்னிப்பும்

உம்றாவுக்குப் புறப்படுவதற்கு முதல்நாள், அஸர் தொழுகை முடிந்த கையோடு மஜீட் என் வீட்டுக்கு வந்தான். கையில் துணிப்பைக்குள் என் மெண்டலின்.

"காக்கா, விடியப் பயணம். அறிஞ்சும் அறியாமலும் நான் செஞ்ச பிழை எல்லாத்தையும் பொருந்திக்கங்க."

மக்காவுக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில் வீடு வீடாகச் சென்று இப்படி மன்னிப்புக் கேட்பார்கள். என்ன பிழை என்று யாரும் விசாரிப்பதில்லை.

"நீ என்னத்தச் செஞ்சிருக்கப் போற? எல்லாம் பொருந்தினேன். எனக்கும் அங்க துஆக் கேள்" என்று கட்டித் தழுவினேன். அவன் கண் கலங்கியது. பயணத்தை நினைத்துக் கலங்குகிறான் என்று எண்ணினேன்.

மஜீட் கல்முனை பஸாரில் தையல் மெசின் திருத்துகிறவன். எனக்கு இருபது வருடப் பழக்கம். மெண்டலின், வாப்பா மட்டக்களப்பில் ஒரு பறங்கியரிடம் வாங்கியது, இத்தாலியில் செய்தது. கம்பிகளை முறுக்கும் எட்டுக் கீக்களில் இரண்டுக்குப் பல் தேய்ந்து, சுருதி நிற்காமல் வழுக்கியது. மீலாத் விழாவில் பிள்ளைகள் பாடும்போது பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி முறுக்க வேண்டியிருந்தது. "தேஞ்ச ரெண்டுக்கும் மட்டும் புதுசாப் பல்லு வெட்டிப் போடு. முழுசா மாத்தினா துளையப் பெருப்பிக்கணும், மரம் பழுதாகிரும்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தேன்.

"கீ சரியா?" என்று கேட்டேன்.

"ஓம் காக்கா. மண்ணெண்ணெயில கழுவி மினுக்கின. புதுசு மாதிரி இரிக்கும்."

நான் பையை அவிழ்க்கவில்லை. அமானிதமாக நம்பிக் கொடுத்ததைத் திருப்பித் தருகிறவன் முன்னால் சோதித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் எடுத்து மடியில் வைத்தேன். முதல் கீயை வழக்கம்போல் என் பக்கமாகத் திருப்பினேன். கம்பி இறுகவில்லை, தளர்ந்தது. கைதான் மறந்துவிட்டதோ என்று அடுத்ததைத் திருப்பினேன். அதுவும் தளர்ந்தது. எட்டும் அப்படியே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பழைய கீக்களோடிருந்த கொடி செதுக்கிய பித்தளைத் தகடுகள் இல்லை. எலும்புக் குமிழ்கள் இருந்த இடத்தில் பிளாஸ்டிக். துளைகளின் ஓரத்தில் புதிதாகத் துருவிய மரம் வெளிறித் தெரிந்தது.

கழற்றும்போது உடைந்திருக்கும், சொல்ல வெட்கப்பட்டிருப்பான், வந்ததும் சொல்வான் என்று அவனுக்காக நானே காரணம் தேடினேன்.

மூன்றாம் நாள் அவன் மனைவி றம்லா, தட்டில் வட்டிலப்பம் கொண்டுவந்தாள்.

"காக்கா, நீங்க செஞ்ச உபகாரத்த உசிர் இரிக்கிற வரைக்கும் மறக்க மாட்டம்."

"என்ன உபகாரம் தங்கச்சி?"

"அந்தப் பழைய கீயத்தான். உம்றாக் குழுவுல இடம் முடிஞ்சிட்டு எண்டுட்டாங்க. கூட்டிப் போற ஹாஜியாருக்குப் பழைய வாத்தியச் சாமான் எண்டா பைத்தியம். நீங்க மனமுவந்து தந்தீங்க எண்டு இவர் கொண்டு குடுத்த பொறகுதானே ஒரு இடம் கெடச்ச!"

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோசம். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"வட்டிலப்பம் நல்ல வாசமா இரிக்கி தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன். அவள் போன பிறகு அதைத் தொட முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது மஜீட் வட்ஸ்அப்பில் அழைத்தான்.

"காக்கா! கஃபாவுக்கு முன்னால நிக்கிறன். உங்கட பேரச் சொல்லி துஆக் கேட்ட!"

"மஜீட், கம்பி இறுகுறதுக்குக் கீய எந்தப் பக்கம் திருப்பணும்?"

கூட்டத்தின் இரைச்சலுக்குள் அவன் குரல் தாழ்ந்தது.

"காக்கா... நீங்கதான் எல்லாம் பொருந்தினேன் எண்டு சொன்னீங்களே."

கீக்கள் போனது அவ்வளவு வலிக்கவில்லை. அன்று என் தோளில் முகம் வைத்திருந்தபோது, இந்தச் சொல்லை வாங்கத்தான் அவன் நின்றிருக்கிறான்.

"ஓம், நான் சொன்ன. என்னெண்டு தெரியாமச் சொன்ன. நீ தெரிஞ்சுதானே கேட்ட?"

"இஞ்ச வரணும் எண்ட ஆசையில காக்கா..."

"உன்ட உம்றா கபூலாகட்டும், அல்லாஹ் ஏத்துக்கொள்ளட்டும். அதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா நான் பொருந்தினதுக்குள்ள இது இல்ல. வந்து, செஞ்சது இன்னதுதான் எண்டு வாயால சொல்லிக் கேள். றம்லாவுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. அதையும் நீதான் சொல்லணும்."

"கேட்டாப் பொருந்துவீங்களா?"

ஆம் என்று சொல்லத்தான் மனம் வந்தது. ஆனால் கஃபாவுக்கு முன்னால் நிற்கிறவனிடம் பொய் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

"தெரியா மஜீட். நீ கேக்கிற நேரம்தான் எனக்கும் தெரியும்."

மாலையில் றம்லாவின் தட்டைக் கழுவினேன். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுப்பது அழகில்லை என்று வாழைப்பழம் ஒரு சீப்பு வைத்து எடுத்துப் போனேன். அவள் வாசலுக்கே ஓடி வந்தாள்.

"அவர் உங்களுக்குக் கோல் எடுத்தாரா காக்கா?"

"ஓம் தங்கச்சி. எடுத்தான்."