பெந்தோப் பாறைக்கு எத்தனை மதிப்பெண்?

1

இக்கதை ஓர் ஏப்பத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக்குத் தென்கிழக்கே, பவளப்பாறைகளின் உடல்நிலையை ஆராயும் படகொன்றில், எதிரே அமர்ந்திருந்தவர் வயிறார ஏப்பம் விட்டு, “இந்தப் பாறைக்கு அஞ்சு போடலாம்” என்றார். ஏப்பத்துக்கும் அந்த ஐந்துக்கும் உள்ள காரணகாரியத் தொடர்பே இப்பிரதியின் ஆய்வுப்பொருள்.

முதல் தொடக்கம்: “கடல் நீலமாயிருந்தது, லா ஹருமுவின் உள்ளமும்—” வேண்டாம். நிறத்தில் முக்கியெடுத்த உள்ளங்கள் கரையேறியதில்லை.

இரண்டாவது: “லா ஹருமுவின் பாறை செத்துக்கொண்டிருந்தது. அவர் அதைச் சொல்லச் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.” இது நிற்கட்டும்.

2

வட்டாரம் முழுவதற்கும் ஒரே வரைபடம் தயாராகிறது. தீவுக்கொருவர் வீதம் குழுவில் சேர்ந்து, படகின் பின்னே கயிற்றில் கட்டிய பலகையைப் பிடித்தபடி நீருக்குள் பார்க்கும் கண்ணாடியோடு இழுபட்டுப் போவார்கள். கீழே உயிருள்ள பவளம் எவ்வளவு என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைப் பலகையிலேயே பென்சிலால் எழுத வேண்டும். ஒன்று வாங்கிய பாறை வரைபடத்தில் சிவப்பாகும். சிவந்த இடத்தில் கப்பல்கள் நங்கூரம் போடக்கூடாது.

பெந்தோத் தீவின் லா ஹருமுவுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். கடல் சூடேறியதில் அவர் ஊர்ப் பவளம் வெளுத்துச் சாகத் தொடங்கியது. வெளுத்ததை உல்லாசக் கப்பல்களின் நங்கூரங்கள் உடைத்துக்கொண்டிருந்தன. ஆனால் சொந்தத் தீவுக்குத் தாமே மதிப்பெண் இடக்கூடாது; அது விருந்தாளிகளாக வரும் மற்றத் தீவினரின் பொறுப்பு. அங்கே (கதைக்குள்ளிருக்கும் அங்கே என்று கொள்க) விருந்து வைப்பவர் தம்முடையதைப் புகழலாகாது. விருந்தாளி அதைத் தாழ்த்தலாகாது. இலை கொள்ளாமல் பரிமாறிவிட்டு “ஒண்ணுமில்ல, சும்மா ரசஞ்சோறு” என்று சொல்லும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

லா ஹருமுவின் மனைவி வா சனிரா, கூம்பு கூம்பாக அவித்த மரவள்ளிக் கசோவாமியையும் புளித்தூக்கலான மீன்சாற்றையும் இன்னும் ஏழெட்டுத் தட்டுகளையும் பாயில் பரப்பினார்.

“ஒண்ணுமே செய்யல, கோவிச்சுக்காதீங்க.”

“எங்க பாறையும் அப்படித்தான்” என்றார் லா ஹருமு, வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு. “செத்தே போச்சு.”

பக்கத்துத் தீவிலிருந்து வந்த லா புசுரா, மீன்தலையை உறிஞ்சுவதை நிறுத்தாமலே சிரித்தார். “மச்சானோட பணிவப் பாரு! இந்த மனுஷன் வீட்டுல கல்யாணம்னா எழவுன்னுதான் சொல்லி அழைப்பாரு.”

3

தாலுவுத் தீவின் வா டெலிமா பலகையோடு இழுபட்டுப் போய்வந்து படகில் ஏறினார். அவர் முகம் வாடியிருந்ததைக் கண்டு லா ஹருமுவுக்கு நம்பிக்கை துளிர்த்தது.

“எப்படித் தங்கச்சி?”

“பளிச்சுன்னு இருக்குண்ணே. கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிச்ச மாதிரி.”

“அது செத்துப்போன வெளுப்பும்மா!”

“சும்மா இருங்க. உங்க வீட்டு மீன்சாறு இன்னும் நெஞ்சுலயே நிக்குது. நாலு போட்டுட்டேன்.”

[குறிப்பு: முதல் வரைவில் டெலிமா பொய்யராக இருந்தார், திருத்திவிட்டேன். சென்ற வாரம், செழித்துக் கிடக்கும் தம் ஊர்ப் பாறைக்குக் குழுவினர் ஐந்து போட்டபோது, கூச்சத்தால் மன்றாடி அதை ஒன்றாகக் குறைக்கச் செய்தவர் அவர். ஆக, வட்டாரத்தின் சராசரி மட்டும் ஏறக்குறையச் சரியாக வந்துகொண்டிருந்தது. சராசரியின் மேல் நங்கூரம் விழுவதில்லை.]

4

லா ஹருமு படகின் முனையில் ஏறி நின்றார். அக்கணத்தில் அவர் அகத்தில்— (இங்கே ஒரு பக்கத்துக்கு நனவோடை இருந்தது. சின்னப் படகு, பாரம் தாங்காதென்று இறக்கிவிட்டேன்.)

“எங்க பாறைய அடிச்சுக்க உலகத்துலயே ஒண்ணு கிடையாது! உங்க தாலுவுப் பாறை இதுக்குக் கால்தூசி பெறாது!”

படகை ஓட்டிவந்த லா புசுரா இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

“என்னண்ணே சொன்னீங்க?” என்றார் டெலிமா.

“சொர்க்கம்னு சொன்னேன். காதுல தண்ணியா?”

“இதுவா சொர்க்கம்? கொம்பு கொம்பா ஒடஞ்சு கெடக்கு, அதுமேல பாசி! எங்க ஊர்ல இத வச்சுச் சுண்ணாம்புகூடச் சுட மாட்டோம்!”

“அப்ப எவ்வளவு போடுவே?”

“ஒண்ணு! பூஜ்யம் இருந்தா அதத்தான் போடுவேன்!”

நாலை அழித்து ஒன்று எழுதினார். இப்படி அவமானப்பட்டு இவ்வளவு மகிழ்ந்தவர் அக்கடலில் வேறொருவர் இருந்திருக்க மாட்டார். கதையை இங்கே முடித்திருப்பேன். ஆனால் படகில் வா சனிராவும் இருந்தார், மடியில் ஒரு கூடை பொரித்த வாழைப்பழத்தோடு.

“மன்னிச்சிரு தங்கச்சி. இவருக்கு வெயில் மண்டையில ஏறிடுச்சு. எங்க பாறையெல்லாம் ஒரு பாறையா? குப்பை.”

டெலிமாவின் கோபம் கரைந்தது. “ஐயோ அண்ணி, அப்படிச் சொல்லாதீங்க. அழகான பாறை!” ஒன்றை அழித்தார்.

“ஆமா, அஞ்சே போடலாம்” என்று ஏப்பம் விட்டார் லா புசுரா.

5

முடிவு அ: லா ஹருமு மறுபடியும் பீற்றிக்கொள்கிறார், மனைவி மறுபடியும் மன்னிப்புக் கேட்கிறார், பலகை தேய்ந்து ஓட்டையாகிறது. கோட்பாட்டளவில் செம்மையானது; ஆனால் பொழுது சாய்ந்துவிடும்.

முடிவு ஆ: ஒரு சுறா— இல்லை.

நான் திட்டமிடாதது ஒன்று நடந்தது. “அடி பாவி, கெடுத்தியே!” என்று லா ஹருமு கையை வீச, கூடை கவிழ்ந்து வாழைப்பழமெல்லாம் கடலில் விழுந்தது. பொன்னிறமாக மிதந்தது. பவளம் உயிரோடிருக்கும் இடத்தில் ஒரு சோற்றுப் பருக்கை விழுந்தாலே மீன்கள் மொய்த்துக்கொண்டு வரும். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பழம் நனைந்து கனத்து, ஒவ்வொன்றாக அமிழ்ந்தது.

“ஒண்ணுகூட வரலியே” என்றார் வா சனிரா.

டெலிமா பென்சிலைப் பலகையில் வைத்தார், எடுத்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“நான் அவங்க வீட்டுச் சோத்தத் தின்னுருக்கேன். கையே வரல. நீங்க எழுதுங்க.”

நானும் தின்றிருக்கிறேன்; மீன்சாறு இரண்டு முறை வாங்கிக் குடித்தேன். இக்கதையில் அந்தப் பாயில் உட்காராதவர் நீங்கள் ஒருவர்தான்.

பிடியுங்கள் பென்சிலை. லா ஹருமு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பெந்தோப் பாறை: