அவர் பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்தே கால் நூற்றாண்டு பிழைப்பு நடத்தியவர் நம் மாஸ்டர். அப்படிப்பட்ட மனுஷனின் வலது கால் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா கிடக்குமா? டிவியில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை மிதிப்பார். மனைவி அவர் தட்டில் குழம்பு ஊற்றினாலும் மிதிப்பார். சண்டை போடுகிறவர் இல்லை, அதட்டுகிறவரும் இல்லை. ஆனால் பக்கத்தில் யார் எதைச் செய்தாலும், "மெதுவா, மெதுவா" என்று சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது.

இந்த மாஸ்டருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் ஓடச் சொன்னார். தனியாக ஓட மாஸ்டருக்கு வெட்கம். "நீயும் வா, துணைக்கு" என்று மனைவியைக் கிளப்பினார்.

அவளுக்கு ஓட்டம் ஒரு கேடா? ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை. காலையில் போய் நின்றால் மாலை வரை மெஷின் முன்னால் நின்றுகொண்டே படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் போதும் என்று இருக்கும். ஆனாலும் கட்டினவர் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா என்று வந்தாள். பழைய செருப்பைக் கழற்றிவிட்டு, மாஸ்டர் வாங்கிக் கொடுத்த ஷூவைப் போட்டுக்கொண்டு, சுடிதாரோடு பூங்காவைச் சுற்றி ஓடினாள்.

முதல் சுற்று முடிந்ததும் மாஸ்டர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மூச்சு மாறாமல் பக்கத்தில் நின்று, "தண்ணி வேணுமாங்க?" என்றாள்.

மாஸ்டர் பேச்சு வருகிற வரை காத்திருந்து சொன்னார். "உனக்கு மூச்சு வாங்கலையா? அப்ப நீ சரியா ஓடலன்னு அர்த்தம்."

பாவம், அவள் அதையும் நம்பினாள்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். மாஸ்டர் அந்த ரகம்கூட இல்லை, கூடத்தையே இடித்துக் கட்டப் பார்க்கிற ரகம். ஓட முடியாத குறையை ஓட்டத்தைப் பற்றிப் படித்துத் தீர்த்துக்கொண்டார். நாடித் துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் வாங்கினார். இடுப்பில் நாலு குட்டி பாட்டில் செருகிய பெல்ட் வாங்கினார். ஷூவில் ஏழு ரகம் பார்த்து, எட்டாவதை வாங்கினார். வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம், ஒரு நாள் வேக ஓட்டம், ஒரு நாள் ஓய்வு என்று அட்டவணை போட்டார். ஓய்வு நாளை மட்டும் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. இத்தனை அறிவையும் அவர் மனைவிக்குப் புகட்டியது கார் பாஷையில்.

"இப்ப செகண்ட்ல போ. மேடு வருது, கியரைக் கொறை. ஓரமா, ஓரமா. அங்க நிறுத்து."

அவள் நிறுத்துவாள். இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டு நிற்பாள். மாஸ்டர் தூரத்திலிருந்து அசைந்து அசைந்து வந்து சேருவார். வந்ததும் குனிந்து, அவிழாத ஷூ லேசை அவிழ்த்துக் கட்டுவார். கட்டி முடிக்கிற நேரம்தான் அவருக்கு ஓய்வு. ஆறு மாதம் இப்படியே போனது. ஓடிய நேரத்தில் பாதியை அவள் நின்றே கழித்தாள். நின்று பழகிய கால்தானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

பூங்காவில் ஒரு ஓட்டக் குழுவும் உண்டு. அதற்குத் தலைவி ஒரு பல் டாக்டரம்மா. அதிகம் பேசமாட்டார். பிறர் வாயைப் பார்த்துப் பார்த்தே தன் வாய்க்கு வேலை இல்லாமல் போய்விட்டது போலும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டருக்குக் காலையிலேயே கார் வகுப்பு வந்துவிட, அவள் தனியாக வந்து அந்தக் குழுவோடு ஓடினாள். நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை. கால் போன வேகத்துக்குப் போனாள். முடித்துவிட்டு முகத்தைத் துடைக்கும்போது டாக்டரம்மா தன் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இத்தனை நாளும் யாருக்காக மெதுவா ஓடுனீங்க?" என்று கேட்டார்.

அவளுக்குப் பதில் தெரியும்.

டாக்டரம்மாவே தொடர்ந்தார். பக்கத்து நகரத்தில் பெண்களுக்கான தொடர் ஓட்டம் வருகிறது, நாலு பேர் அணி. மூன்று பேர் ஆகிவிட்டது. "அடுத்த மாசம் நம்ம ஊர்ல பத்து கிலோமீட்டர் போட்டி இருக்குல்ல? அதை ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சிடுங்க. நாலாவது இடம் உங்களுக்குத்தான். முடியலன்னா நான் வேற ஆள் பாக்கணும். அன்னிக்கே பேர் குடுத்தாகணும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்குக் கிடைத்த இடமெல்லாம் யாரோ ஒருவருக்குப் பக்கத்து இடம். இது அப்படி இல்லை. இந்த இடம் அவளுக்கு வேண்டும். மனசு இவ்வளவு பச்சையாக எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அன்று மத்தியானமே மாஸ்டரிடம் சொல்லிவிட நினைத்தாள். அவர் அதற்குள் ஒரு பொட்டலத்தோடு வந்தார். ஒரே நிறத்தில் இரண்டு பனியன். "அடுத்த மாசப் போட்டிக்கு நம்ம ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன். ரெண்டு பேரும் இதைப் போட்டுட்டு ஓடறோம். முடிவுக் கோட்டைக் கையப் பிடிச்சுக்கிட்டுத் தாண்டறோம். நம்மகிட்ட கார் கத்துக்கிட்ட போட்டோக்காரன்கிட்ட சொல்லிட்டேன், அங்கயே நிப்பான்."

மாஸ்டரோடு கையைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்தில் முடியாது. தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் முடியாது. அவள் தயங்கித் தயங்கி, "நான் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னு இருக்கேங்க" என்றாள்.

"முடிச்சிடலாம். நான் சொல்றபடி வா, அது போதும்" என்றார் மாஸ்டர், அவள் குதிகாலுக்குத் தைலம் தேய்த்தபடி.

அதுதான் சிக்கலே. தினமும் கேட்காமலே தைலம் தேய்ப்பார். அவள் கால் நகம் கறுத்தபோது அவர்தான் பதறினார். கெட்டவன் என்றால் விட்டுவிட்டு ஓடலாம். நல்லவனை எப்படி விட்டுவிட்டு ஓடுவது? அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒரு மாதம் மூடியே வைத்திருந்தாள்.

போட்டி நாள். விடிந்தும் விடியாத நேரத்தில் மைதானம் நிறைந்திருந்தது. நெஞ்சில் எண் அட்டையை ஊக்கால் குத்திக்கொண்டு, கழிப்பறை வரிசையில் காலை மாற்றி மாற்றி வைத்து ஆயிரம் பேர். அதில் பாதிப் பேர் மாஸ்டரைப் பார்த்து, "வணக்கம் மாஸ்டர்" என்றார்கள். இந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் கையில் தேறியவர்கள். மாஸ்டர் மந்திரி மாதிரி கையசைத்துக்கொண்டே வந்தார்.

ஓட்டம் தொடங்கியது. "ஃபர்ஸ்ட்லயே போவோம், அவசரம் வேண்டாம்" என்றார். அவள் அவர் தோளோடு தோளாக ஓடினாள். பல் டாக்டரம்மா அவர்களைத் தாண்டிப் போனார். ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி கால் தவித்தது. தன்னை அறியாமல் இரண்டு தடவை முன்னால் போய்விட்டாள். "ஓரமா, ஓரமா" என்று பின்னாலிருந்து குரல் வர, இரண்டு தடவையும் பின்தங்கினாள்.

பாதி தூரத்தில் பெரிய கடிகாரம் ஒன்று வைத்திருந்தார்கள். முப்பத்திரண்டு நிமிஷம். மிச்சப் பாதியை இருபத்தெட்டுக்குள் ஓடினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மாஸ்டரோ இப்போதே ஷூ லேசைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முன்னால் நீண்ட இறக்கம், அதன் அடியில் ஒரு வளைவு.

"என்னங்க" என்றாள். "நான் போறேன்."

"எங்க?" என்றார் மாஸ்டர்.

"முன்னாடி."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். மாஸ்டருக்குப் புரியவே நாலு எட்டு பிடித்தது. புரிந்தபோது அவள் இறக்கத்தில் பாதியில் இருந்தாள். இறக்கம், வளைவு, வேகம். கால் நூற்றாண்டாக அவர் எதற்குப் பயந்தாரோ அத்தனையும் ஒரே இடத்தில், அதுவும் அவர் பெண்டாட்டி காலில். அவர் மூளை யோசிக்கவில்லை. தொண்டை தானாகத் திறந்தது.

"பிரேக்! பிரேக்கை மிதி!"

அதற்குப் பிறகு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஜவுளிக்கடை முதலாளி ஓடிய வேகத்தில் வலது காலைத் தரையில் ஊன்றி நின்றார். பின்னால் வந்த பள்ளிக்கூட டீச்சர் அவர் முதுகில் போய் மோதினார். மோதுவதற்கு முன்னால் அவரும் மிதித்திருந்தார் என்பது வேறு விஷயம். பேங்க் மேனேஜர் ஜன்னலே இல்லாத இடத்தில் கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினார். இன்னொருவர் தலைக்கு மேலே கண்ணாடியைத் தேடினார். ஒரு நொடியில் சாலை மொத்தமும் ஸ்தம்பித்தது. வண்டி நின்ற பிறகுதான் அவரவருக்கு, தான் வண்டியில் இல்லை என்பது உறைத்தது.

நிற்காதவள் ஒருத்திதான்.

ஊருக்கெல்லாம் கார் சொல்லிக் கொடுத்த மாஸ்டர் அவளுக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் இரண்டு தடவை கேட்டாள். "உனக்கு எதுக்கு? அதான் நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டார். அதனால் அந்தக் குரலுக்கு மிதிக்க அவள் காலுக்குத் தெரியவில்லை. காதில் விழுந்தது, காலுக்குப் போகவில்லை. வளைவில் திரும்பிக் காணாமல் போனாள்.

கொஞ்ச தூரம் குற்ற உணர்ச்சி கூடவே ஓடி வந்தது. தண்ணீர்ப் பந்தல் தாண்டியதும் அதற்கும் மூச்சு வாங்கியதோ என்னவோ, பின்தங்கிவிட்டது. வழியில் ஒவ்வொரு முதுகாகத் தாண்டினாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் கடைசி கிலோமீட்டர் சும்மா விடவில்லை. விலாவில் பிடித்துக்கொண்டது, கால் நகம் விண்ணென்று தெறித்தது, கண்ணில் வியர்வை எரிந்தது. அழுதுகொண்டே ஓடினாள், ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை. கோட்டைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தபோது கடிகாரம் ஒரு மணியைத் தொட இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது. பல் டாக்டரம்மா கிட்டே வந்து, "பேர் குடுத்திடறேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

மாஸ்டர் வர வெகு நேரமானது. தெரு பெருக்குகிறவர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். வந்தவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொடுத்துவிட்டு, அணியைப் பற்றி, ஒரு மணி நேரக் கெடு பற்றி, ஒரு மாதமாக மூடி வைத்திருந்ததை எல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவருக்கு அவ்வளவு களைப்பு.

"நீ திரும்பிப் பாப்பேன்னு நெனச்சேன்" என்றார் கடைசியில்.

"பாக்கல."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவ பாத்திருந்தா நின்னிருப்பேங்க."

மாஸ்டர் பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது. அவளுக்கு அதைப் பார்க்க வலித்தது, ஆனால் செய்ததற்கு வருத்தம் வரவில்லை. வலியும் வருத்தமும் வேறு வேறு என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அந்த ஊர்ப் போட்டிக்கு நானும் வரட்டுமா?" என்றார். "ஓட இல்ல. சும்மா ஓரமா நின்னு பாக்கறேன்."

"வாங்க. ஆனா வாயத் தெறக்கக் கூடாது."

மாஸ்டர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

"அது மட்டும் என்னால ஆகாதும்மா" என்றார்.

இப்போது அவள் யோசித்தாள்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. நான் தாண்டிப் போனதுக்கு அப்புறம் கத்துங்க."