மேம்பாலத்தில் முதல் வண்டி

1

இந்தக் கதை ஒரு கைத்தவறில் பிறந்தது. எழுதுகிற வஜீஹா தன்னை 'நான்' என்று சொல்லப் போவதில்லை. தப்பு வேறு யாரோ செய்தது போலிருந்தால்தான் அவருக்கும் சிரிப்பு வருகிறது.

முதல் தொடக்கம்: "கி.பி. 2061. எதிரியின் செயற்கைக்கோள்கள் அடையாற்றின் மேலே—" [வேண்டாம். அடையாற்றில் அதற்கு என்ன வேலை?]

இரண்டாவது: ஆழ்வார்பேட்டைக் காபிக்கடையில் மேஜர் பிரபாகர், விஞ்ஞானக் கதை எழுதும் வஜீஹாவிடம் கேட்டார்.

"மேடம், ஒரு குண்டுகூடப் போடாம, வெறும் பொய்யால இந்த ஊரை எதிரி எப்படி நிறுத்துவான்? நீங்க கற்பனை பண்ணுங்க, நாங்க தயாராகிக்கிறோம்."

"போன தடவை எழுதிக் கொடுத்தேனே?"

"எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் நம்பல."

[மேஜருக்கு மீசை உண்டா? உங்கள் விருப்பம்.]

2

வசனத்தைப் போனில் பேசி, தனக்கே அனுப்பி, கேட்டுப் பார்த்துத்தான் வஜீஹா எழுதுவார். "ஏரியத் தொறந்துட்டாங்க! வேளச்சேரிக்குத் தண்ணி வருது!" என்று அலறியதும் அப்படித்தான். அது கைதவறிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

வேளச்சேரியில் வஜீஹாவின் அக்கா மகன் ரெஹான், அதைக் கேட்டதும் புதுக் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினான். வெள்ள பயம் வந்தால் அங்கே கார்களுக்கு அதுதான் அடைக்கலம். பளீரென்று வெயில். ஆனாலும் ஒரு கார் நிற்பதைப் பார்த்து இன்னொன்று வந்தது. பிறகு வரிசை. பாலம் அடைத்துக்கொண்டது. கீழே சிக்கிய பஸ்ஸில் ரெஹானின் மனைவி நாஸியா. தேனாம்பேட்டையில் அவளுக்கு இன்டர்வியூ.

3

வஜீஹா ரெஹானைப் போனில் பிடித்தார். "டேய், அது கதைடா! வண்டிய எறக்கு!"

"உங்க மிலிட்டரிக்காரர் கதைன்னு சொல்லச் சொன்னாரா, சாச்சி?"

"என் குரல்டா அது!"

"அதனாலதான் நம்பினேன்! பின்னாடி இருக்கிறவர்கிட்ட சொன்னா, 'நீ மொதல்ல எறக்கு நைனா, நான் பாத்துக்கினு எறக்குறேன்'ங்கிறாரு."

வஜீஹா மேஜரை அழைத்தார்.

"உங்க ஆளுங்களை அனுப்பி, பொய்னு சொல்லுங்க."

"யூனிஃபார்மைப் பார்த்தா தண்ணி நெசம்னு முடிவே பண்ணிடுவாங்க மேடம். ஆனா பொய் பிரமாதம்! கதை எப்படி முடியுது?"

4

முடிவு ஒன்று: நிஜமாகவே மழை வருகி— [அடித்தாயிற்று. அது ரெஹானுக்குச் சாதகம்.]

முடிவு இரண்டு: நாஸியா பஸ்ஸிலிருந்து குதித்து, பாலமேறி வந்து ரெஹானிடம் கை நீட்டுகிறாள்.

"சாவி."

"தண்ணி வந்தா?"

"நனைஞ்சுக்கிட்டே போறேன். குடு."

முதல் வண்டி இறங்கினால் மற்றவையும் இறங்கும். இதற்கு மேல் வஜீஹா எழுதவில்லை. அவர் சொல்லித்தான் இத்தனை வண்டிகள் ஏறின; இறக்குவதை உங்களிடம் விடுகிறார். சாவியை இப்போது உங்கள் சட்டைப் பையில் போட்டிருக்கிறார். நாஸியா கையை மடக்கவில்லை.