மலையே இல்லாத ஊரின் மலையரசி

1

இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் ஏரிக்கரைச் சாலைக்கு ஒரு சுற்றுலாக் கையேடு எழுதித் தரும்படி எங்கள் ஐஸ்லாந்து விழாக் குழுத் தலைவர் கேட்டார். "வைக்கிங் வீரம் வரிக்கு வரி தெரியணும்," என்றார். ஐஸ்லாந்திலிருந்து வந்த எங்கள் முன்னோர் அந்தக் கடற்கொள்ளை வீரர்கள் அல்ல, ஆடு மேய்த்தவர்கள், மீன் பிடித்தவர்கள். கனடாவின் வின்னிபெக் ஏரி உறைந்ததும் பனிக்கு அடியில் வலை போடத் தெரியாமல் முதல் குளிர்காலத்தில் பட்டினி கிடந்தவர்கள். அதை எழுதினால் கையேடு விற்காது. ஆகவே இப்படித் தொடங்கினேன்:

ரிவர்ட்டனிலிருந்து கிம்லி வரை ஏரியின் நீலம் உங்கள் இடப்பக்கம் கூடவே

இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். அன்று அந்தச் சாலையில் நான் தனியாகப் போகவில்லை.

2

முன் இருக்கையில் ரன்வெய்க், பள்ளியில் என்னோடு படித்தவள். வண்டி ஓட்டியவன் அவள் கணவன் ஸ்காப்தி. பின்னால் நான், மடியில் அவளுடைய பெட்டி. அவளை முதியோர் இல்லத்தில் விடப் போகிறோம். அவளிடம் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் போய்விடலாம். அதனால்தான் ஸ்காப்தி ஏரிக்கரையைப் பிடித்தான்.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். அடுப்பை அணைக்க மறந்து சமையலறையைக் கொளுத்தியவள், கணவனையே யாரென்று கேட்பவள், என்னைப் பெட்டி தூக்க வந்தவள் என்று நினைப்பவள், எப்போதோ ஓர் ஆகஸ்ட் விழாவில் தான் மலையரசியாக முடிசூடியதை மட்டும் மறக்கவில்லை. பழைய தாய்நாட்டின் உருவமாக ஆண்டுக்கு ஒருத்திக்குப் பச்சை அங்கி மாட்டி, கிரீடம் வைத்து, தலைவர்களின் பேச்சு முழுவதையும் கேட்க வைப்பது எங்கள் வழக்கம். சுற்றுவட்டாரத்தில் ஒரு குன்றுகூடக் கிடையாது. நான் இட்டுக்கட்டியது போலத்தான் இருக்கிறது. என்ன செய்ய?)

3

"ஊர்வலம் ஏன் இப்படி ஊருது?" என்றாள்.

"ராணி வண்டி அப்படித்தான் போகும்," என்றான் ஸ்காப்தி.

வேலியோரத்து மாடுகளுக்குக் கையசைத்தாள். "கூட்டம் கம்மிதான்."

"மழை வரும்னு வீட்லயே இருந்துட்டாங்க."

"தலைவர் பேசுவாரா?"

"பேசாம விடுவாரா?"

"அப்ப இன்னும் மெதுவாப் போ."

பாதி வழியில், ஆர்னஸ் ஊருக்குப் பக்கத்தில் நிறுத்திக் குடுவையிலிருந்து காப்பி ஊற்றினான். சட்டைப் பையிலிருந்து ஒரு சர்க்கரைக் கட்டி எடுத்துக் கொடுத்தான். அவள் அதை முன்பற்களில் கடித்துக்கொண்டு, அதன் வழியே காப்பியை உறிஞ்சினாள். எங்கள் ஆட்கள் குடிப்பது அப்படித்தான்.

"அங்க கலக்கித்தான் தருவாங்களாம்," என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னான். "கட்டி தொண்டைல சிக்கிடும்னு பயம்."

ரன்வெய்க் திரும்பாமலே கேட்டாள்: "எங்க?"

அவன் குடுவையை மூடினான். நெடுநேரம் மூடினான்.

4

முடிவு, ஒன்று: இல்லத்து வாசலை அவள் விழா மேடை என்று நினைக்கிறாள், தாதிகள் கைதட்டுகிறார்கள். (அடித்துவிட்டேன். தலைவருக்குப் பிடித்துவிடும்.)

முடிவு, இரண்டு: கிம்லியில் வண்டியைத் திருப்பி வீட்டுக்கே (வீட்டில் அதே அடுப்பு. ஸ்காப்திக்கு நெஞ்சு அறுவையில் போட்ட தையல் இன்னும் ஆறவில்லை.)

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். கிம்லியில் கொம்புத் தொப்பி போட்ட வைக்கிங் சிலையைப் பார்த்து, "இவன் யாரு?" என்றாள்.

"நம்ம முன்னோராம்," என்றான் ஸ்காப்தி.

"பாவம். இந்தத் தொப்பியோட எப்படி வலை இழுப்பான்?"

சாலை பிரியும் இடம். வலப்பக்கம் இல்லம். ஸ்காப்தி ஓரமாக நிறுத்தினான், இஞ்சினை அணைக்கவில்லை. அவன் கைமேல் அவள் தன் கையை வைத்தாள்.

"நல்லா ஓட்டுறப்பா. வீட்ல யாரு இருக்கா உனக்கு?"

"பொண்டாட்டி."

"காத்திட்டிருப்பா. என்னை இறக்கி விட்டுட்டுச் சீக்கிரம் போ."

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். பெட்டி என் மடியில் இருக்கிறது, சர்க்கரைக் கட்டிகள் அவன் பையில். வண்டியை வலப்பக்கம் திருப்பத்தான் வேண்டுமென்றால் நீங்களே திருப்புங்கள். மெதுவாக. ராணி வண்டி அப்படித்தான் போகும்.