ஆறாவது மாடியில் ஏதென்ஸ்

நாத்தனார் இறந்தவரின் காலிலிருந்து ஷூவைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வருவேனா என்றது. லேஸில் இரட்டை முடிச்சு. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், எதையும் இரண்டு தடவை இறுக்காமல் விட்டதில்லை.

“முடிச்சை அவுத்துட்டு இழு. கால் என்ன பாட்டில் மூடியா?” என்றாள் மனைவி.

“என் அண்ணன் கால், அண்ணி. எனக்குத் தெரியும்.”

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுதுபார்த்த மனிதர், ஓய்வுபெற்றதும் சொந்தக் குடியிருப்பின் லிஃப்டைத் தள்ளிவைத்துவிட்டார். ஏதென்ஸ் போக வேண்டும், அங்கே பழைய பளிங்குக் கோயில் இருக்கும் குன்றேற வேண்டும் என்று ஆசை. பயிற்சிக்குத் தினமும் புது ஷூவோடு மாடிப்படி. மனைவி கூட ஏறமாட்டாள். லிஃப்டில் முந்திப் போய், ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து நின்று, “இடிஞ்ச சுவரைப் பார்க்க இவ்வளவு பாடா? நம்ம பாத்ரூம் சுவரே ரெடியா இருக்கே!” என்று திட்டிவிட்டு அடுத்த மாடிக்குப் போவாள். இன்று காலை ஆறாவது மாடியில் வசவோடு காத்து நின்றாள். அவர் ஐந்தோடு நின்றுவிட்டார்.

“கூட நடந்திருந்தா தாங்கிப் பிடிச்சிருக்கலாம்.” ஷூ ஒருவழியாகக் கழன்றது.

“உங்க அண்ணனை யாரு தாங்குறது?”

“உங்களுக்கும் சேர்த்துத்தானே டிக்கெட் போட்டாரு? வரமாட்டேன்னு நீங்கதான் அடம். அந்த சீட்டுல நான் போறேன். பேரை மாத்தித் தருவாங்களாம், டிராவல்ஸ்ல கேட்டுட்டேன்.”

“எப்போ கேட்ட?”

“வர்ற வழியில.”

மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அழுத முகம்தான். அழுதுகொண்டே கேட்டிருப்பாள் போலிருக்கிறது.

“அண்ணன் ஆசை உங்களுக்கென்ன தெரியும்? ஒரு நாளாவது காது குடுத்துக் கேட்டிருக்கீங்களா?”

அவர் நெற்றியில் உட்கார வந்த ஈயை மனைவி விரட்டினாள்.

“என் பேரு அப்படியே இருக்கட்டும்னு சொல்லிடு. ஏர்போர்ட்ல நீலக் கோட்டு மெட்ரோ ரயில் ஏறணும். மொனாஸ்டிராகி ஸ்டேஷன்ல இறங்கணும். வெயில் வர்றதுக்குள்ள குன்றுக்குப் போயிடணும், மேல பளிங்கு வழுக்கும். தூணைத் தொடக் கூடாது, விசில் ஊதுவாங்க. வடக்கு மூலையில நின்னா ஊர் பூரா தெரியும். கீழ இறங்கினதும் வலது பக்கம்...”

நிறுத்தினாள். வலமா இடமா என்று அவளுக்கும் அவருக்கும் தினமும் சண்டை; அவர் இடது என்பார்.

நாத்தனார் கையில் ஷூவோடு காத்திருந்தாள்.

மனைவி அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, இன்னும் கொஞ்சம் உரக்க, “வலது பக்கம்” என்றாள்.