முப்பத்தோராவது கேள்வி

பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தோய்த்து அம்மாவின் உதட்டில் ஒற்றினாள் ஜெனோஜா. அம்மா அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கோ அம்மா. உது சாப்பாடில்லை."

அம்மா சோம்ஜிட் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். பிறகு பிடியை விட்டாள்.

"தண்ணி வந்திட்டுது," என்றாள். "எல்லாரும் காலைத் தூக்குங்கோ."

லண்டன் மனோர் பார்க்கில் அந்த ஒடுங்கிய வீட்டின் முன்னறையில் தண்ணீர் எங்குமில்லை. ஒக்டோபர் வெயில் மட்டும் இருந்தது. தெருவில் பஸ் போகும்போதெல்லாம் யன்னல் திரை நடுங்கியது. கம்பளத்தின் மேல் கிடந்த வெயிலும் கூடவே நெளிந்தது. சோபாவைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன இயந்திரம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முனகி, வலி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பியது.

காலையில் வந்த நேர்ஸ் அம்மாவின் கையை நெடுநேரம் பிடித்துப் பார்த்தாள். "இன்றைக்கு எல்லோரும் வீட்டிலேயே இருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லோரும் என்றால் மூன்று பேர்தான். ஜெனோஜா. அவளுடைய அப்பா எட்வேட். அப்பாவின் அக்கா அருமைநாயகி. ஒரு சட்டி கஞ்சியையும் செபமாலையையும் தூக்கிக்கொண்டு நோர்பரியிலிருந்து ரயில் மாறி வந்திருந்தாள்.

"என்னவாம்?" என்று குசினியிலிருந்து மாமி அருமைநாயகியின் குரல் வந்தது.

"தண்ணி வந்திட்டுதாம் மாமி."

"பைப்பை நான் வடிவாப் பூட்டிப்போட்டன் எண்டு சொல்லு."

கட்டிலின் கால்மாட்டில் கதிரையில் இருந்த அப்பா குனிந்தார். நீளக் காற்சட்டையின் விளிம்பை ஒரு மடிப்பு மடித்தார். பிறகு இன்னொன்று. இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் மடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஜெனோஜா அந்த மடிப்பையே பார்த்தாள். அதை அவள் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

அப்பா மன்னாரிலிருந்து ஜெர்மனிக்குப் போனவர். அம்மா தாய்லாந்தின் வடகிழக்கில் வயலும் குளமுமாக இருந்த ஒரு கிராமத்திலிருந்து அங்கே வந்தவள். ஸ்டுட்கார்ட்டில் ஒரு ஹொட்டேல் குசினியில் அவர் கோப்பை கழுவினார், அவள் மரக்கறி வெட்டினாள். ஜெனோஜாவுக்கு மூன்று வயதானபோது லண்டனுக்கு வந்தார்கள். இருவரும் சண்டை பிடிப்பது ஜெர்மனில், சமாதானம் தமிழில். அம்மாவின் சொந்த மொழி ஊருக்குப் போன் எடுக்கும்போது மட்டும் வெளியே வரும். அதைப் பக்கத்திலிருந்து கேட்டுக் கேட்டே ஜெனோஜா அரைகுறையாகக் கற்றுக்கொண்டாள். அந்த அரைகுறைதான் அவளுக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது.

பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சி அது. லண்டனில் வாழும் தாய்லாந்து மக்களுக்கு எந்தப் பழக்கங்களால் என்னென்ன நோய்கள் வரக்கூடும் என்று வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். உப்பு, சீனி, சிகரெட், நித்திரை, நடை, குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம். மொத்தம் நாற்பத்தெட்டுக் கேள்விகள். பயிற்சியின் முதல் நாளே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கேள்வி கேட்கும்போது பக்கத்தில் வேறு யாரும் இருக்கக்கூடாது. புருஷன், மாமியார், சிநேகிதி யாராக இருந்தாலும் வெளியே அனுப்பிவிட வேண்டும். ஆட்கள் இருந்தால் பதில் மாறிவிடும்.

முதல் ஆளாக அம்மாவையே கேட்டாள் ஜெனோஜா. இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மத்தியானம், இதே வீட்டுக் குசினியில். மாமி விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பா மேசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கட வீடுதானே என்று அவள் யாரையும் வெளியே அனுப்பவில்லை.

முப்பது கேள்விகள் சிரிப்பும் கதையுமாகப் போயின. முப்பத்தோராவது வந்தது.

"அம்மா, சமைக்காத குளத்து மீன், ஆத்து மீன் எப்பவாவது சாப்பிட்டிருக்கிறீங்களோ?"

அம்மா வாயைத் திறக்க முன்பே மாமியின் கத்தி அந்தரத்தில் நின்றது.

"பச்சை மீனோ? சீ! பூனை தின்னும் உதை. எங்கட சோமி அப்பிடியான ஆள் இல்லை. அவள் தின்னுறவளா இருந்தா எங்கட தம்பி பக்கத்திலயும் இருந்திருக்க மாட்டான். என்ன தம்பி?"

அப்பா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ம்" என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். மீன் செதில் ஒட்டிய மாமியின் கையைப் பார்த்தாள்.

"இல்லை," என்றாள்.

ஜெனோஜா கையிலிருந்த டேப்லெட்டில் 'இல்லை'யைத் தொட்டாள். திரை முப்பத்திரண்டுக்குப் போனது. ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் நடப்பீர்கள்?

'ஆம்' என்று தொட்டிருந்தால் வேறொரு பக்கம் திறந்திருக்கும். ஒரு பரிசோதனைக்கும் ஸ்கானுக்கும் கடிதம் போயிருக்கும். அம்மாவின் ஊர்ப் பக்கத்துக் குளத்து மீன்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு இருக்கும். சமைத்தால் செத்துவிடும். பச்சையாக உள்ளே போனால் பித்தக் குழாயில் போய் ஒட்டிக்கொண்டு, சின்ன இலைபோல வளர்ந்து, ஒரு வலியும் காட்டாமல் வருஷக்கணக்காகக் கிடக்கும். எல்லோருக்கும் அதனால் கெடுதல் வருவதில்லை. சிலருக்கு அது புற்றுநோயில் கொண்டுபோய் விடும்.

பத்து மாதம் கழித்து அம்மாவின் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் டொக்டர் அதே கேள்வியைக் கேட்டார். அன்றைக்கு மாமி பக்கத்தில் இல்லை. "சின்னனில சாப்பிட்டனான். ஊரில எல்லாரும் சாப்பிடுவினம்," என்றாள் அம்மா. மகளைத் திரும்பிப் பார்த்து, "மன்னிச்சுக்கொள் ஜெனோ," என்றாள்.

ஜெனோஜா அலுவலகத்தில் சொல்லிப் பதிலைத் திருத்தினாள். காரணம் என்று கேட்ட இடத்தில் 'கேட்டவரின் பிழை' என்று எழுதினாள்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்த மடித்த காற்சட்டை அவள் நினைவை விட்டுப் போகவில்லை.

அவளுக்குப் பதின்மூன்று வயது. அம்மாவின் ஊருக்கு அவர்கள் மூன்றாவது தடவையாகப் போயிருந்தார்கள். பின்னேர வெயில். குளக்கரையில் அம்மாவின் தம்பிமார் வட்டமாக இருக்கிறார்கள். நடுவில் ஒரு பேசின். தேசிக்காய்ப் புளி வாசம், வறுத்த அரிசிமா வாசம். காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டு, காலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு அப்பா அவர்களோடு இருக்கிறார். அப்பாவின் முதுகு மட்டும் தெரிகிறது. அம்மா அப்படிச் சிரித்து ஜெனோஜா அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. "ஐஸ் வாங்கிக்கொண்டு வா," என்று அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். பேசினுக்குள் என்ன இருந்தது என்று அவள் காணவில்லை.

இந்த ஒரு வருஷத்தில் அப்பாவிடம் எட்டுத் தரம் கேட்டிருப்பாள். எட்டுத் தரமும் ஒரே பதில்.

"நான் உதுகள் தொடுறேல்லைப் பிள்ளை. எனக்கேன் ஸ்கான்?"

கேட்க இன்னும் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அந்த ஆளுக்கு இன்றைக்கு ஒரு நாள்தான் இருந்தது.

ஜெனோஜா கட்டிலில் குனிந்தாள். அம்மாவின் காதில் சவர்க்கார வாசம்.

"அம்மா. ஒண்டு கேக்கட்டோ?"

"கேள்."

"குளத்தடியில... அப்பாவும் சாப்பிட்டவரோ?"

அம்மாவின் இமைகளுக்குக் கீழே கண்மணிகள் மெல்ல ஓடின, தண்ணீருக்கடியில் மீன் திரும்புவது போல. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"நாயகி அக்கா நிக்கிறாவோ?"

"ஓம். குசினிக்குள்ள."

"அப்ப இல்லை," என்றாள் அம்மா.

கால்மாட்டில் கதிரை கிரீச்சிட்டது. ஜெனோஜா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா யன்னல் பக்கம் திரும்பியிருந்தார். பின்கழுத்து மட்டும் தெரிந்தது. அது சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு அம்மா தமிழில் பேசவில்லை. அவளுடைய மொழியில் யாரையோ கூப்பிட்டாள். நெல் நனைகிறது என்றாள். ஜெனோஜாவுக்கு விளங்காத சில பெயர்களைச் சொன்னாள். ஆட்களின் பெயர்களோ மீன்களின் பெயர்களோ தெரியவில்லை. மூன்று மணியளவில் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடம் விழத் தொடங்கியது. மாமி ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து தலைமாட்டில் நின்று செபமாலையைத் தொடங்கினாள். அந்த முணுமுணுப்பும் இயந்திரத்தின் முனகலும் தூரத்தில் ரயில் போகும் ஓசையும் ஒன்றாகிப் போயின. அறை மெதுவாக மிதப்பது போல ஜெனோஜாவுக்குத் தோன்றியது. தூங்கிவிட்டேனா என்று பயந்து அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவின் கால்கள் போர்வைக்குள் அசைந்தன. தூக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அப்பா எழுந்தார். போர்வையை விலக்கி, அவளுடைய இரண்டு குதிக்கால்களுக்கும் கீழே உள்ளங்கையை வைத்து, விரிப்பிலிருந்து நான்கு விரல் உயரம் தூக்கிப் பிடித்தார்.

"நனையேல்லை சோம்," என்றார். "நான் பிடிச்சிருக்கிறன்."

அடுத்த மூச்சுக்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். மாமி செபமாலையில் இன்னும் நான்கு மணி உருட்டினாள். பிறகு அவள் குரலும் நின்றது. அப்பா மட்டும் அந்தக் கால்களை நெடுநேரம் கீழே வைக்கவில்லை.

நேர்ஸ் மறுபடி வந்து இயந்திரத்தை நிறுத்தினாள். யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போனாள். ஐந்து மணிக்குப் பிரேதம் எடுப்பவர்கள் வருவார்கள் என்று போன் வந்தது. மாமி அம்மாவின் தலையை வாரி, கையில் செபமாலையைச் சுற்றிவிட்டு, குசினியில் பிளேன் டீ போட்டாள். நான்கு கோப்பையை எடுத்து வைத்தவள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள்.

மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். ஜெனோஜாவிடம் கேட்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. ஒன்பதாவது தரம் கேட்க அவளால் ஏலாது.

"பிள்ளை," என்றார் அப்பா. "அந்தக் கேள்வியைக் கேள்."

"எந்தக் கேள்வி?"

"முப்பத்தோராவது."

அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இப்பவோ உது?" என்றாள் மாமி. "அவள் உள்ள உடம்புச் சூடு ஆறாமக் கிடக்கிறாள்."

"அப்பா, அது தாய்லாந்து ஆக்களுக்கு மட்டும். உங்கட பேரைப் போட்டாலே போர்ம் பூட்டிப்போடும்."

"போர்மை விடு. நீ கேள்."

ஜெனோஜா தொண்டையைச் செருமினாள். பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்தது. "மாமி, நீங்கள் கொஞ்சம் அங்கால..."

"அவ இருக்கட்டும்," என்றார் அப்பா. "அக்கா, இருங்கோ. போகாதேங்கோ."

ஜெனோஜா கேட்டாள். ஒரு சொல்லும் மாற்றாமல், வீடு வீடாகக் கேட்ட அதே குரலில். "சமைக்காத குளத்து மீன், ஆத்து மீன் எப்பவாவது சாப்பிட்டிருக்கிறீங்களோ?"

"ஓம்."

"எத்தினை தரம்?"

"மூண்டு முறை போனம். போன நேரமெல்லாம். பின்னேரம் பின்னேரமா." அவர் குரல் ஒரே மட்டத்தில் வந்தது. "அண்டைக்கு இந்த மேசையில அவ என்னைப் பாத்தவ. நான் ஓம் எண்டு சொல்லியிருந்தா அவவும் ஓம் எண்டிருப்பா. நான் போனைப் பாத்துக்கொண்டிருந்தனான்."

குழாயிலிருந்து ஒரு துளி விழுந்தது. ஜெனோஜா மாமியின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. நேர்ஸ் விட்டுப்போன தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் 'எட்வேட், 63' என்று எழுதினாள். அதன்கீழே 'ஆம்' என்று எழுதினாள். பேனை இரண்டு தரம் எழுதாமல் நின்றது.

மாமி அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள்.

"ருசியா இருந்ததோ?"

அப்பாவின் வாய் கோணியது. சிரிப்பா, மற்றதா என்று சொல்ல முடியாத கோணல்.

"ஓம் அக்கா. நல்ல ருசி."

மாமி தலையை ஆட்டினாள். அப்பாவின் கோப்பையை இழுத்து, ஒரு கரண்டி சீனி போட்டுக் கலக்கி, திரும்ப அவர் முன்னால் தள்ளிவைத்தாள்.

"திங்கள் காலமை டொக்டருக்குப் போன் எடு பிள்ளை," என்றாள். "எடுத்துப்போட்டு எனக்குச் சொல்லு. நானும் வாறன்."

வாசல் மணி அடித்தது.

அப்பா எழும்பப் பார்த்தார். காற்சட்டை இன்னும் முழங்காலடியில்தான் மடிந்திருந்தது. "நீ இரு, நான் திறக்கிறன்," என்று மாமி எழுந்தாள்.

குசினியிலிருந்து வாசலுக்குப் போக முன்னறையைத் தாண்ட வேண்டும். திறந்த யன்னலில் திரை மெல்ல ஊதி அடங்கியது. சாய்ந்த வெயில் கட்டிலுக்குக் கீழேயும் புகுந்து, கம்பளம் முழுவதும் தண்ணீர்போல நெளிந்துகொண்டிருந்தது.

அறையின் விளிம்பில் மாமி நின்றாள். மணி இரண்டாம் தரம் அடித்தது. அவள் குனிந்து, இடது கையால் சீலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து அந்த வெயிலைக் கடந்து போனாள்.